வீட்டில் இன்சுலின் போடுவது: முதல் மாதத்துக்கான முழு வழிகாட்டி

மாத்திரை இனிப் போதாது, நாளை முதல் இன்சுலின் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எல்லோர் கண்ணும் ஊசி முனைக்குத்தான் போகும். வலிக்குமா, ரத்தம் வருமா, யார் குத்துவது?

அம்மாவுக்கு ஒன்பது வருடம் நான் போட்டிருக்கிறேன். அப்புறம் எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குத்துவது எல்லோருக்கும் இரண்டு நாளில் கைவந்துவிடுகிறது. எந்தக் குப்பிக்கு எந்த சிரிஞ்சு, ஊசி போட்ட பிறகு சோறு எப்போது, இன்று காலை போட்டோமா இல்லையா என்ற இடங்களில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதனால் குத்தும் வேலை இங்கே எட்டாவதாகத்தான் வரும். அதற்கு முந்தைய ஏழையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எத்தனை யூனிட் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

1. மருத்துவரின் அறையை விட்டு எழும் முன் கேட்க வேண்டியவை

சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இன்சுலினின் முழுப் பெயர், பக்கத்தில் இருக்கும் எண்ணோடு வேண்டும். வேகமான வகையும் மெதுவான வகையும் கலந்த விகிதம்தான் அந்த எண். 30/70 என்பது ஒன்று, 50/50 என்பது வேறு. பெட்டி இரண்டும் ஒரே சாடையில் இருக்கும். கடையில் மாற்றிக் கொடுத்தால் உங்களுக்குத் தெரியாது.

காலை எத்தனை யூனிட், இரவு எத்தனை என்று எழுதி வாங்குங்கள். 'யூனிட்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தை மட்டும் போட்டால், வேகமான கையெழுத்தில் அது பூஜ்யம் போலத் தெரியும்; 10 என்பது 100 ஆகிவிடும்.

சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு என்று கேளுங்கள். பிறகு, எல்லோரும் மறக்கிற கேள்வி: பழைய மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும்? கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. அவை உள்ளே வேலை செய்துகொண்டிருக்க, வெளியிலிருந்தும் இன்சுலின் போனால் சர்க்கரை எளிதில் தரைதட்டும். சிலருக்கு மருத்துவரே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார், அது கணக்குப் போட்டுச் செய்வது. வீட்டில் நாமாக 'பழையதும் ஓடட்டும்' என்று விடுவது அப்படியல்ல.

சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஊசியை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தேடக்கூடாத விஷயம் அது.

2. முதல் ஊசிக்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

இன்சுலின், அதற்கான சிரிஞ்சு அல்லது இன்சுலின் பேனாவும் (பேனா வடிவ ஊசிக்கருவி) பேனா ஊசியும், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொடி, ஒரு நோட்டு, கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. ஸ்பிரிட்டும் பஞ்சும் குப்பியின் ரப்பரைத் துடைக்க. தோலுக்கு அவ்வளவு அவசியமில்லை. குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலே போதும்.

இந்தப் பட்டியலில் குளுக்கோஸ் பொடியைத்தான் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று விடுகிறார்கள். அது இல்லாமல் முதல் ஊசியைப் போடாதீர்கள். சர்க்கரையை இறக்கும் மருந்து வீட்டுக்குள் வரும்போதே ஏற்றும் மருந்தும் வந்திருக்க வேண்டும்.

3. குப்பியையும் சிரிஞ்சையும் பொருத்திப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நம் நாட்டில் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை. 10 மில்லி குப்பியில் மொத்தம் 400 யூனிட். பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் அப்படியல்ல. அதில் ஒரு மில்லியிலேயே 100 யூனிட் இருக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் சில இன்சுலின்கள் குப்பியிலும் 100 யூனிட் செறிவில் வருகின்றன. ஆக, குப்பி என்றாலே 40 என்று நினைத்துக்கொள்ள முடியாது. லேபிளைப் படிக்க வேண்டும்.

சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40 செறிவுக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 செறிவுக்கு. சிரிஞ்சின் மேலுள்ள கோடுகள் அந்தந்தச் செறிவுக்காகப் போடப்பட்டவை. மாற்றிப் பிடித்தால் கோடு பொய் சொல்லும்.

எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். 20 யூனிட் போட வேண்டும். 40 செறிவுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. அதில் இருப்பது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 செறிவு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். முதல் தவறில் சர்க்கரை ஏறும். இரண்டாவது தவறில் ஆள் மயங்கி விழுவார், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துபோய், கடையில் 'இன்சுலின் சிரிஞ்சு' என்று மட்டும் கேட்டேன். கொடுத்தது ஆரஞ்சு மூடி. எனக்கும் தெரியவில்லை, கொடுத்தவருக்கும் தோன்றவில்லை. நான்கு நாள் அம்மாவின் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவே இல்லை. 'ராத்திரி என்ன சாப்பிட்டே, உண்மையைச் சொல்லு' என்று அம்மாவைத்தான் விரட்டிக்கொண்டிருந்தேன். பாவம், சாப்பிட்டதெல்லாம் இரண்டு இட்லி.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த பழக்கம் இது: பழைய சிரிஞ்சின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவேன். புதுக் குப்பி திறக்கும் ஒவ்வொரு முறையும் லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சத்தமாகப் படிப்பேன். முட்டாள்தனமாகத் தோன்றும். பரவாயில்லை.

இன்னொன்று. பேனா கெட்டுவிட்டது, கார்ட்ரிட்ஜில் மருந்து இருக்கிறதே என்று சிரிஞ்சை அதில் செருகி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் இருந்தது சிவப்பு மூடி. இரண்டாவது தவறு பிறப்பது இப்படித்தான். பேனா கெட்டால் அந்த வேளைக்கு என்ன செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள்; கார்ட்ரிட்ஜைக் குடைய வேண்டாம்.

4. எங்கே வைப்பது

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃபிரீசருக்குள் வைக்கக்கூடாது, ஃபிரீசரின் அடியை ஒட்டியும் வைக்கக்கூடாது. ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலினை உருக்கிப் பயன்படுத்த முடியாது. பார்க்க நன்றாக இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. கதவுத் தட்டு அல்லது நடுத்தட்டு, ஒரு சின்ன டப்பாவுக்குள். டப்பா எதற்கென்றால், பால் பாக்கெட் எடுக்கிற கை குப்பியைத் தட்டிவிடாமல் இருக்க.

திறந்த குப்பியை வெளியே வைத்தும் பயன்படுத்தலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். ஆனால் அது 25 அல்லது 30 டிகிரிக்குள் என்ற நிபந்தனையோடு. நம் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்கோ மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கோ அது பொருந்தாது. திறந்ததையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சில்லென்று உள்ளே போனால் வலிக்கும், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பானை முறை நன்றாகவே உதவும். பெரிய மண்பானையில் ஈரமணல், அதற்குள் ஒரு சின்ன மண்பானை, அதற்குள் மூடிய டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குப்பி நேராகத் தண்ணீரில் மிதக்கக்கூடாது.

திறந்த தேதியைக் குப்பியின் மேலே எழுதிவிடுங்கள். பெரும்பாலான இன்சுலின்களுக்குத் திறந்ததிலிருந்து 28 நாள்தான் கணக்கு. சிலவற்றுக்குச் சற்று கூடும், தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 யூனிட் மட்டும் போடுபவருக்கு 28 நாளில் 280 யூனிட்தான் செலவாகும். 120 யூனிட் மிச்சம் நிற்கும். காசு போட்டு வாங்கியதைக் கொட்ட மனசு வராது. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

5. முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

ஊசியை எடுப்பதற்கு முன்பே விரலில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஏற்கெனவே 70க்குக் கீழே இருப்பவருக்கு வழக்கமான அளவைப் போட்டுவிட்டால், பிறகு ஓட்டமும் நடையும்தான். ஸ்ட்ரிப் விலை அதிகம், தினமும் கட்டுப்படியாகாது என்பவர்கள் உண்டு, எனக்குப் புரிகிறது. முதல் இரண்டு வாரமாவது விடாமல் பாருங்கள். பிறகு எந்தெந்த நாள் போதும் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்துவிட்டு 380 என்று பதறி ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காவை எனக்குத் தெரியும். கழுவிவிட்டுப் பார்த்தால் 160. அந்த 380ஐ நம்பிக் கூடுதல் யூனிட் போட்டிருந்தால்?

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு உதறினால் வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், ஈரக்காற்று பட்டால் அளவு தப்பும்.

6. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி

இன்சுலின் எல்லாம் ஒன்றல்ல. குறுகிய நேரம் வேலை செய்யும் பழைய வகை மனித இன்சுலினும் அதன் 30/70 கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. புதிய அதிவேக வகைகளும் அவற்றின் கலவைகளும் சாப்பிட உட்காரும்போது, அல்லது அதற்குச் சில நிமிடங்கள் முன்பு. நாள் முழுதும் மெதுவாக வேலை செய்யும் நீண்டகால வகைக்குச் சாப்பாட்டோடு தொடர்பில்லை. தினமும் ஒரே நேரம் என்பதுதான் அதற்கு முக்கியம்.

அரை மணி நேரம் ஏன் என்றால், தோலுக்கடியில் போன மருந்து ரத்தத்தில் சேர நேரம் எடுக்கிறது. சோற்றின் சர்க்கரை ஏறும்போது மருந்தும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். முந்திப் போட்டால் மருந்து வந்துவிடும், சோறு வராது.

வீட்டில் அடிக்கடி நடப்பது இது: ஊசி போட்டாயிற்று, இட்லி இன்னும் வேகவில்லை. அல்லது பெரியவர் 'இப்போ பசிக்கல, அப்புறம் சாப்பிடறேன்' என்று திரும்பிப் படுத்துவிடுவார். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தயாராகிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. கல்யாண வீடு என்றால் இன்னும் கவனம். முதல் பந்தி கிடைக்கும் என்று நம்பி வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு போய், மூன்றாவது பந்தியில் இடம் கிடைத்து, அதற்குள் வியர்த்து விறுவிறுத்துப் போனவர்கள் உண்டு. விசேஷ வீட்டுக்குப் போகும் நாட்களில் எப்போது, எவ்வளவு என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். விரத நாட்களுக்கும் அப்படித்தான். கிருத்திகை, சஷ்டி, நோன்பு எதுவானாலும் 'ஒரு வேளைதானே' என்று வழக்கமான அளவைப் போடக்கூடாது.

7. மருந்தை எடுப்பது

பெயரைப் படியுங்கள், தேதியைப் பாருங்கள், மருந்தைப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் வேண்டாம். கலங்கலாக இருக்க வேண்டிய 30/70 வகையில் கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் உப்புப் பூத்தது போலப் படிந்திருந்தாலோ அதுவும் வேண்டாம்.

கலங்கல் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்புங்கள். மருந்து அடியில் வண்டலாகத் தங்கியிருக்கும். கலக்காமல் எடுத்தால் ஒருநாள் நீர்த்தது, ஒருநாள் கெட்டி. இருமல் மருந்து போலக் குலுக்கக்கூடாது, நுரைத்துக் காற்றுக்குமிழி வந்துவிடும்.

ரப்பரைத் துடைத்துக் காயவிடுங்கள். எத்தனை யூனிட் வேண்டுமோ அத்தனை கோடு காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, குப்பிக்குள் செலுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் சில நாளில் குப்பிக்குள் வெற்றிடம் உண்டாகி மருந்து வர மறுக்கும். பிறகு குப்பியைத் தலைகீழாகப் பிடித்து இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். தோலுக்கடியில் போகும் சின்னக் குமிழி ஆளைக் கொல்லாது, பயப்பட வேண்டாம். ஆனால் குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இல்லை, அளவு குறையும்.

தெளிவானதையும் கலங்கலானதையும் ஒரே சிரிஞ்சில் சேர்க்கச் சொல்லியிருந்தால் தெளிவானதை முதலில் எடுங்கள். கலங்கல் துளி தெளிவான குப்பிக்குள் போய்விட்டால் அந்தக் குப்பியின் வேகமே மாறிவிடும். கிளார்ஜின் போன்ற நீண்டகால வகை பார்க்கத் தெளிவாக இருந்தாலும் எதனோடும் கலக்கக்கூடாது.

பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வைத்துக் காற்றில் அழுத்திப் பாருங்கள். முனையில் துளி தெரிந்த பிறகுதான் உங்கள் அளவைத் திருப்ப வேண்டும். 'மருந்து வீணாகிறது' என்று இதை விடுபவர்கள், ஊசி அடைத்துக்கொண்ட ஒருநாள் வெறும் காற்றைப் போட்டுக்கொள்வார்கள்.

8. குத்துவது

வயிறுதான் வசதி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிட்டு எங்கும் போடலாம். தொடையின் முன்பக்க வெளிப்புறம், பிட்டத்தின் மேல்பகுதி, மேற்கையின் பின்புறம் ஆகியவையும் உண்டு. மேற்கையில் தானே போட்டுக்கொள்வது சிரமம், தசைக்குள் போய்விடும்.

4 மில்லிமீட்டர் பேனா ஊசி என்றால் நேராகக் குத்தலாம். சிரிஞ்சு ஊசி அதைவிட நீளம். அதனால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடிப்பாகத் தூக்கிப் பிடித்துக் குத்துங்கள். ஒல்லியான ஆளுக்கு 45 டிகிரி சாய்வு. மருந்து கொழுப்பில் போக வேண்டும். தசைக்குள் போனால் வேகமாக உறிஞ்சி, எதிர்பாராத நேரத்தில் சர்க்கரையை இறக்கும்.

மெதுவாக அழுத்தி முடித்ததும் உடனே இழுத்துவிடாமல் பத்து எண்ணுங்கள். பேனாவில் இது கட்டாயம். இல்லையென்றால் இரண்டு மூன்று துளி வெளியே ஒழுகும். பிறகு மடிப்பை விடுங்கள். தேய்க்காதீர்கள்.

தினமும் ஒரே இடத்தில் குத்தினால் பழகிப்போய் வலி இருக்காது. அதுதான் பொறி. அந்த இடத்தில் கொழுப்பு கட்டியாகத் திரண்டு, மருந்து ஒருநாள் ஏறும் ஒருநாள் ஏறாது. வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி, அதற்குள்ளும் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளிப் போடுங்கள். மாதம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அங்கே போட வேண்டாம். ஆனால் இதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். நல்ல இடத்தில் போட ஆரம்பித்ததும் மருந்து முழுசாக ஏறும், அதே யூனிட்டே அதிகமாகிவிடும்.

9. உடனே எழுதுங்கள்

தேதி, நேரம், ஊசிக்கு முந்தைய சர்க்கரை, யூனிட், இடம். ஊசியை டப்பாவில் போட்ட கையோடு எழுத வேண்டும். வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது இந்த நோட்டு இல்லையென்றால், 'நீ போட்டுட்டேன்னு நினைச்சேன்' என்பதும் 'நீ போடலைன்னு நினைச்சு நானும் போட்டேன்' என்பதும் நடக்கும்.

போட்டோமா என்று நிச்சயமில்லையென்றால் மறுபடி போடாதீர்கள். ஒருவேளை விட்டுப்போனால் சர்க்கரை ஏறும், அதைச் சமாளிக்கலாம். இரட்டிப்பாகப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. விட்டதை அடுத்த வேளையோடு சேர்த்துப் போடவும் கூடாது.

10. சர்க்கரை இறங்கினால்

70க்குக் கீழே வந்தால் அது இறக்கம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. இவற்றில் பாதி, உடம்பே அடிக்கும் எச்சரிக்கை மணி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டி, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே எடுக்கப் பார்க்கிறது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ப்ரோப்ரனோலால், அடினோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். வயதானவர்களுக்கோ வெறும் எரிச்சல், பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாத பேச்சு. 'காலையிலேயே சிடுசிடுன்னு ஆரம்பிச்சாச்சு' என்று நினைக்காமல் விரலைக் குத்திப் பாருங்கள்.

மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் தேடாதீர்கள், முதலில் சர்க்கரை கொடுங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சீனி, அரை டம்ளர் தண்ணீரில். ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்; ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. 70ஐத் தாண்டியதும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ கொடுங்கள். குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊசி மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

லட்டு, சாக்லேட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு ஆகாது.

இன்னொரு நுணுக்கம், மருந்துக்கடையில்கூடச் சொல்லமாட்டார்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனி சரியாக வேலை செய்யாது. அந்த மாத்திரையின் வேலையே குடலில் சீனி உடைவதைத் தாமதப்படுத்துவது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். வோக்லிபோஸ் பல கூட்டு மாத்திரைகளில் மூன்றாவது பெயராக ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால், தெளிந்த பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த மாத்திரையால் பல மணி நேரம் கழித்தும் மறுபடி இறங்கலாம்.

கணையத்தில் கல், நாள்பட்ட கணைய அழற்சி, அறுவை சிகிச்சை என்று கணையமே கெட்டதால் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு இந்தப் பகுதி இரட்டிப்பு முக்கியம். இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றும் குளூககானையும் சுரப்பது அதே கணையம்தான். இரண்டும் போனவருக்கு இறங்கினால் தானாக ஏற வழி குறைவு.

11. காய்ச்சல், வாந்தி நாட்களில்

'ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு' என்று நிறுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. காய்ச்சலில் உடம்பு, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான கார்டிசாலும் அட்ரினலினும் அதிகம் சுரக்கும். சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். டைப் 1 நோயாளிக்கும் (உடம்பில் இன்சுலின் சுரப்பே ஏறத்தாழ நின்றுபோனவர்) கணையம் போனவருக்கும் இன்சுலினை முழுசாக நிறுத்தினால் ரத்தம் அமிலமாகத் தொடங்கும். அளவைக் குறைக்கலாமா, எதைத் தொடர்வது என்பதைப் போனில் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். கஞ்சி, மோர், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வாங்கும் மூச்சு, மூச்சில் அழுகிய பழவாசனை, தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலேயே இந்த நிலை வரலாம். வாந்தி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

12. காலையில் மட்டும் ஏறினால், ஸ்டீராய்டு சேர்ந்தால்

இரவு நன்றாக இருக்கிறது, காலை வெறும் வயிற்றில் 200. உடனே இரவு ஊசியைக் கூட்டத் தோன்றும். கூட்டுவதற்கு முன் இரண்டு நாள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்து எழுதுங்கள். அட்ரினல் சுரப்பி விடிகாலையில் கார்டிசாலைக் கூட்டும், அதனால் ஏறியிருக்கலாம். அல்லது மூன்று மணிக்கு இறங்கிக் கிடந்திருக்கலாம், அப்போது கூட்டுவது ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த மூன்று மணி எண்தான். மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.

ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய்க்கு ப்ரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால், இன்சுலின் போடுவதாக அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காலையில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் மதியமும் மாலையும்தான் சர்க்கரை எகிறும். காலை எண் அழகாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறுகிறதே என்று வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கார்டிசால் போன்ற மருந்து வெளியிலிருந்து வருகிறது என்று அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கலாம். படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அது குறையும்போது இன்சுலினும் குறைய வேண்டும். நிறையப் பேர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

13. வெளியூர் போகும்போதும், ஊசியைத் தூக்கிப் போடும்போதும்

பஸ்ஸில் இன்சுலின் கைப்பையில் வர வேண்டும். பைக் டிக்கியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவிட்டு வந்தால் அதை மறந்துவிடுங்கள். ஐஸ் பாக்கெட்டோடு எடுத்துப் போனால் நடுவில் ஒரு துணி சுற்றுங்கள், நேராக ஒட்டினால் உறைந்துபோகும். விமானத்தில் சரக்கோடு போகும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கேயும் உறையும் அபாயம் உண்டு. மருத்துவர் சீட்டின் நகல் ஒன்று கூடவே இருக்கட்டும்.

பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான டப்பாவில் போடுங்கள், முக்கால்வாசி நிறைந்ததும் மூடி டேப் ஒட்டுங்கள். மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, குப்பையோடு சேர்க்காமல் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், அல்லது ஊசி போடும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அம்மா கையுறை இல்லாமல்தான் பிரிப்பார். கறுப்புக் கவருக்குள் ஊசியைப் போட்டுக் கட்டிக் கொடுத்தால், அடுத்துக் குத்து வாங்குவது அவர் விரல்தான்.